மயக்கமா, மூர்ச்சையா, வீழ்மயக்கமா?

கோப்பாயிலிருந்து, ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான முதலுதவிக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடந்த ஆண்டு அணிநடைக்காக வெயிலில் நின்ற மாணவி ஒருத்தி முகம் வெளிறி, மேலுதடு வியர்த்து, "கண் இருட்டுது ரீச்சர்" என்று சொல்லி முடிக்குமுன் சரிந்தாள். உடனே நால்வர் அவளைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் பருக்க முயன்றனர். அத்தவறு இனி நிகழக்கூடாது. 'மயக்கம்' என்று மட்டும் எழுதினால் தலைச்சுற்று, வெறி, சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கும் மயக்கம் எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. சடுதியாக வந்து தானே தெளியும் இந்நிலைக்குத் தனிச்சொல் வேண்டும்.

மானிப்பாயிலிருந்து, மருத்துவர்:

நிகழ்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்கும் மேற்பட்ட குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நாளங்கள் சுருங்கியும் இதயம் விரைந்து துடித்தும் அதை ஈடுசெய்கின்றன. வெக்கை, பசி, அச்சம், குருதியைக் காணுதல், அசையாது நெடுநேரம் நிற்றல் ஆகியவற்றால் சிலருக்கு இந்த ஒழுங்கு தலைகீழாகி, அலையும் நரம்பு (மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் நரம்பு) இதயத்தை மந்தமாக்க, நாளங்களும் தளர்ந்து விரிய, குருதியமுக்கம் விழுந்துவிடுகிறது. மூளைக்கான குருதியோட்டம் 6 முதல் 8 விநாடி தடைப்பட்டாலே உணர்வு தவறும். உடல் கிடையானதும் குருதி மூளைக்குத் திரும்புவதால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிவு வருகிறது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது, உடல் தனக்குத் தானே செய்துகொண்ட வைத்தியத்தைக் கெடுப்பதாகும். கிடத்தி, கால்களை உயர்த்துங்கள். சொல்லென்றால், நம் நாட்டு வைத்தியர்களான பரியாரிமார் வழங்கிய 'மூர்ச்சை' இருக்கப் புதிதாக ஒன்று எதற்கு?

நல்லூரிலிருந்து, தமிழாசிரியர்:

'மூர்ச்சை' வடசொல் என்பதை விட, பிள்ளைகளின் வாயில் இன்று அது இல்லை என்பதே என் தடை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்றார். அவருடைய உழைப்பை வணங்குகிறேன், ஆனால் அச்சொல்லுக்குப் பொருள் சொல்ல இன்று எத்தனை பேர் உள்ளனர்? 'மயக்கம்' நம் சொல். இலக்கணத்தில் அது கலத்தலைக் குறிக்கும்; மெய்ம்மயக்கமும் வேற்றுமை மயக்கமும் நினைவுக்கு வரும். அறிவின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும் நிலைக்கு அதே வேர் எவ்வளவு பொருத்தமாக நிற்கிறது! எனவே 'வீழ்மயக்கம்' என்பேன். வீழ்வது ஆளன்றி மயக்கமா எனக் கேட்பவர்கள் 'உண்ட களைப்பு' என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே உண்டது களைப்பன்று.

மருத்துவர்:

இலக்கணத்தை ஏற்கிறேன். எனினும் பல் பிடுங்கும் கதிரையில் சாய்ந்தபடியே மயங்குபவர் எங்கும் வீழ்வதில்லையே. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழும் பிள்ளைக்கு இதய நோய் இருக்கலாம். அப்பிள்ளை உடனே தெளிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். வெயிலில் நின்று விழுபவரையும் இவரையும் ஒரே சொல்லால் அழைத்தால், இரண்டும் தானே தெளிபவை என்று எண்ணிவிடுவார்கள்.

ஆசிரியை:

அந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் தனிப்பந்தியாகச் சேர்த்துவிட்டேன். இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'வீழ்மயக்கம்' என்பதால் உள்ளே அதனையே ஆள்கிறேன். தலைப்பு மட்டும் 'மயங்கி விழுந்தால்' என்றிருக்கும்.

மருத்துவர்:

அச்சுக்குக் கொடுங்கள். ஆனால் 'மூர்ச்சை'யை நான் கைவிடவில்லை.