‘சாட்டை அன்றே இறங்கியது’ என்று எழுதியவருக்கு

கடைமடைக்காரன்:
குடியரசு தினத்தன்று குடந்தை வக்கீல் இங்கே எழுதியிருந்தார்: “1950 ஜனவரி 26 அன்றே தஞ்சைப் பண்ணையாளின் முதுகிலிருந்து சாட்டை இறங்கிவிட்டது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவே போதும், வேறு எதுவும் தேவைப்படவில்லை.” மூன்று நாளாக மனசு ஆறவில்லை. அன்றேயா? என் தாத்தா திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பண்ணையில் ஆள். குடியரசு வந்து இரண்டாவது அறுப்பில், களத்தில் நெல் சிந்திவிட்டது என்று அவருக்குச் சாணியைக் கரைத்துச் சாணிப்பால் புகட்டினார்கள். எங்கள் அப்பாயி அதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும். எந்தப் பிரிவு வந்து அந்தக் கையைப் பிடித்தது?

குடந்தை வக்கீல்:
தம்பி, உணர்ச்சி வேறு, சட்டம் வேறு. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. இரண்டும் அரசாங்கத்தை மட்டுமல்ல, தனி ஆளையும் கட்டுப்படுத்தும். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலை வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பது வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறேன். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கடைமடைக்காரன்:
1982! 1950க்கும் 1982க்கும் நடுவில் எத்தனை குறுவை, எத்தனை தாளடி என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எழுதியது ‘அன்றே’. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செங்கொடி மணி:
வக்கீல் ஐயா, பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் தெருத் தெருவாகச் சங்கம் கட்டாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது. வயல்காட்டு ஜனம் எழுந்து நின்றதால் வந்தது. டெல்லியில் யாரோ எழுதி வைத்ததால் வந்ததல்ல.

கடைமடைக்காரன்:
அந்தச் சட்டமும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவருக்குத்தான், தோழர். ஒரு வேலி என்றால் 20 மா, ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊரில் மச்சான் பேரிலும் மருமகன் பேரிலும் நிலத்தை எழுதி வைத்துவிட்டு, “எனக்கு ஏது ஒரு வேலி?” என்று கேட்டார்கள். தாத்தாவை ‘நீ இனிமேல் பண்ணையாள் இல்லை, தினக்கூலி’ என்று சொல்லி, இருந்த குடிசையையும் காலி செய்யச் சொன்னார்கள். இது 1952க்கு அப்புறம். வக்கீல் சொல்வது 1950இல், அன்றே!

வெண்ணாற்றங்கரை:
எங்களுடையதும் நிலம் வைத்திருந்த மிராசு குடும்பம்தான். எங்கள் வீட்டில் ஒருவரையும் கை தொட்டு அடித்ததில்லை. எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனவர்களுக்கு மட்டும் உரிமை இல்லையா? சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்ததை 1978இல் 44ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. அப்போது இந்த உரிமைக் காவலர்கள் எங்கே போனார்கள்?

செங்கொடி மணி:
அந்தச் சொத்துரிமையைக் காட்டித்தான் ஜமீன்தார்கள் நிலச் சீர்திருத்தத்தைக் கோர்ட்டில் நிறுத்தப் பார்த்தார்கள். அதனால்தான் 1951இல் முதல் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது, நிலச் சட்டங்களைக் கோர்ட் ரத்து செய்யாமல் காக்கும் ஒன்பதாம் அட்டவணை அப்படித்தான் வந்தது. போன வருடம் ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பு பற்றி இங்கே நடந்த விவாதத்திலும் இவர் தன் ஆழ்குழாய்க் கிணற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வராத துக்கம் இவருக்கு என்ன தெரியும்?

வெண்ணாற்றங்கரை:
அந்தப் பழைய பகையை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கு என்னைத் தரக்குறைவாகப் பேசியதற்கு நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மன்னார்குடி டீச்சர்:
அண்ணன்மார்களே, நான் கேட்பது ஒன்றுதான். நெருக்கடி நிலையில் 1976இல், உயிரும் சுதந்திரமும் பறிபோனாலும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த வருடம் அவரைத் தாண்டி இன்னொருவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். அதே 44ஆவது திருத்தம்தான், இனி எந்த நெருக்கடியிலும் 20ஆம் பிரிவையும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவையும் நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. காக்கிறது, காக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியுமா?

குடந்தை வக்கீல்:
டீச்சரம்மா சொல்வது என் பக்கம்தான். ஓட்டை தெரிந்தது, அடைத்தார்கள். 2017இல் தனியுரிமை வழக்கில் அந்தத் தீர்ப்பையே தவறு என்று ஒதுக்கினார்கள். உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போக வழிவிடும் 32ஆம் பிரிவு இருக்கும்வரை கதவு திறந்தே இருக்கிறது.

கடைமடைக்காரன்:
கதவு திறந்திருக்கிறதா? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதும்தான் குற்றம். அப்போது 17ஆம் பிரிவு இருந்தது, 23 இருந்தது, 32ம் இருந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அத்தனை பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள் ஐயா! அந்தச் சாம்பலுக்கு அப்புறம்தான் 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971இல் குடியிருப்பு மனை சொந்தமானது. எங்கள் வீட்டு மனைப்பட்டா அந்தச் சட்டத்தில் வந்தது. அப்பாயி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ‘அன்றே’ என்று எழுதினால், நடுவில் செத்தவர்களை இல்லை என்று சொல்வதாகிறது.

குடந்தை வக்கீல்:
‘அன்றே’ என்றால் சட்டத்தின் பார்வையில் அன்றே. பொருள் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

கடைமடைக்காரன்:
என் தாத்தாவுக்குப் புரியவில்லை. அவருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. அந்த ஒரு வார்த்தையை எடுங்கள்.

குடந்தை வக்கீல்:
எடுக்க மாட்டேன். எழுதியது எழுதியதுதான்.

வெண்ணாற்றங்கரை:
ஆழ்குழாய்க் கிணறு பற்றிச் சொன்னதற்கு மணி இன்னும் பதில் தரவில்லை.

கடைமடைக்காரன்:
வக்கீல் ஐயா, நாளைக்கும் வந்து கேட்பேன். அன்றேயா?