ஸ்பான்சர் பணம் காப்பகத்துக்கா, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கா?

பெரம்பூர் செயலாளர்:
எங்கள் குடியிருப்பில் 20 வீடுகள் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் தரத் தயார். ஒரு காப்பகம், "பத்துப் பிள்ளைகளின் பெயர், படம், மதிப்பெண் அனுப்புகிறோம், பிள்ளைக்கு 2,000 கொடுங்கள்" என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

கொளத்தூரான்:
வேண்டாம். காப்பகத்தில் இருக்கும் பிள்ளை, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை வழியாக வந்திருக்க வேண்டும். அப்படி வந்த பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் எங்கெங்கே போகும் என்று யோசியுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காப்பகத்தில் இருக்கும் எல்லோரும் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் அல்ல. வாடகைக்கே திண்டாடும் அம்மா கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று காப்பகத்துக்குப் பணம் போனால், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் அவசரம் யாருக்கு வரும்? காப்பகம் கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. அதே பணத்தை அந்த அம்மாவிடம், பாட்டியிடம் கொடுங்கள்.

அடையாறு வாசகி:
பாட்டி வீடு என்றாலே பத்திரம் என்று எழுதுவது ஆபத்து. உறவுக்காரர் வீட்டில் 12 வயதுப் பெண் என்றால் பல இடங்களில் அவள்தான் சமையல், அவள்தான் கைக்குழந்தைக்கு ஆயா. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வருகைப் பதிவு சரியும்; பணம் மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்ட பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்புவீர்கள்? அவர்களுக்கு நல்ல காப்பகம் வேண்டும், அது பணமில்லாமல் நடக்காது.

ஒரு பிள்ளைக்கு ஒரு கொடையாளர் என்ற முறையையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். அப்படி உதவும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான காம்பேஷன் இன்டர்நேஷனலின் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. உதவி பெற்றவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள்.

கொளத்தூரான்:
அம்மா, அந்தத் திட்டத்துப் பிள்ளைகள் சொந்த வீட்டில் இருந்தபடி மையத்துக்கு வந்து போனவர்கள். அது என் பக்கத்துச் சான்று. அந்த அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வர அரசு கட்டுப்பாடு விதித்ததும் 2017இல் இந்தியாவில் கடையை மூடியது. சுமார் 1.45 லட்சம் பிள்ளைகளுக்கு உதவி நின்றது. ஒரே கையை நம்பினால் இதுதான் நடக்கும்.

திருவொற்றியூர் கணக்கர்:
இருவரும் அரசுப் பணத்தை மறந்துவிட்டீர்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 2,000. முதலில் அதை வாங்கிக்கொடுங்கள். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. ஆதார், ரேஷன் அட்டை நகல், பெற்றோர் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளியின் போனஃபைடு, வங்கிப் புத்தகம் இவ்வளவும் தயாராக இருக்கட்டும். பிறகு வீட்டு விசாரணை, ஒப்புதல் குழு.

சிக்கல் வரும் இடங்களும் தெரிந்தவைதான். தகப்பன் இறக்கவில்லை, விட்டுப் போய்விட்டார் என்றால் இறப்புச் சான்றிதழ் இருக்காது. இ-சேவை மையத்தில் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு எழுத வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல் என்றால் கோப்பு அப்படியே கிடக்கும். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் போன குடும்பம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். சென்னை அலுவலகத்தில் கொடுத்தால் மாதக்கணக்கில் வீண்.

முக்கியமானது வருமான வரம்பு. நகரத்தில் ஆண்டுக்கு 96,000, அதாவது மாதம் 8,000. ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் சித்தி 12,000 வாங்கினாலே வாத்சல்யா உதவி கிடைக்காது. சென்னை வாடகையில் அந்த வீடு எந்த வகையில் வசதியான வீடு? 20 வீட்டுப் பணம் இந்த இடைவெளிக்குத்தான் போக வேண்டும்.

அடையாறு வாசகி:
இதை ஏற்கிறேன். ஆனால் யார் போய்ப் பார்ப்பது? அந்தச் செலவை ஒதுக்காமல் "முழுப் பணமும் பிள்ளைக்கே" என்று பெருமைப்படும் திட்டங்களில்தான் பிள்ளை காணாமல் போவது யாருக்கும் தெரியாமல் போகிறது.

திருவொற்றியூர் கணக்கர்:
பத்துப் பிள்ளை வேண்டாம், ஐந்து போதும். தலைக்கு 3,000 என்றால் 15,000. அனுபவமுள்ள சமூகப் பணியாளரை ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக அனுப்ப 3,000. மாதம் ஒருமுறை வீடு, பருவத்துக்கு ஒருமுறை பள்ளி. பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும், பாட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது. மீதி 2,000 இருப்பு. நான்கு வீடுகள் காலி செய்து போனாலும் பிள்ளைக்குப் பணம் நிற்கக் கூடாது அல்லவா. ஜூனில் நோட்டு, ஷூ, டியூஷன் எல்லாம் ஒன்றாக வரும், அதற்கும் இந்த இருப்புதான்.

அறக்கட்டளையிடம் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவைக் கேளுங்கள்; 80ஜி இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிவிலக்கு. ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் 80ஜி விலக்கு இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கே. ஆண்டு முடிவில் நன்கொடைச் சான்றிதழ் வாங்குங்கள். காப்பகம் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 41 பதிவுச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கொளத்தூரான்:
பிள்ளைக்கான அந்த 3,000த்தைப் பாட்டியின் கணக்கில் போடுங்கள். பள்ளிக்கு நேராகக் கட்டினால் வீட்டில் அரிசிக்கு என்ன வழி?

அடையாறு வாசகி:
பாதி பாதி. டியூஷன், பஸ், கண்ணாடி இவற்றை நேராகக் கட்டுங்கள், மீதி பாட்டிக்கு. குடிப்பவர் இருக்கும் வீட்டில் மளிகைக் கடையில் கணக்கு வையுங்கள்.

திருவொற்றியூர் கணக்கர்:
செயலாளரே, ஒன்று மட்டும் இப்போதே தீர்மானத்தில் எழுதுங்கள். 18 வயதானதும் அரசு ஸ்பான்சர் உதவி நிற்கும். பிளஸ் டூ தேர்வுக்கு நடுவில் பிறந்தநாள் வந்தாலும் அப்படித்தான். காப்பகத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்குப் பிந்தைய பராமரிப்பு உதவி உண்டு; பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது இல்லை. ஐந்து பேரில் யார் எந்த ஆண்டு 18 முடிக்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து மூன்று ஆண்டுக்கான பணத்தை இப்போதே கணக்கில் சேருங்கள்.