களிகம்பும் ரபானும்: திருகோணமலையில் ஒரு கலைப் பயிற்சி அனுபவம்

திருகோணமலை நகரில் தமிழ், முஸ்லிம், சிங்களம் ஆகிய மூவின முதியவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து கலை பயிலும் வார இறுதி நிகழ்ச்சி ஒன்றில் தொண்டராக இருந்தேன். முதியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்திவிட்டுப் பிள்ளைகளை ஆடவிடும் விழாக்கள் நம்மூரில் ஏராளம். இங்கே அவர்கள் அண்ணாவிமாராக, அதாவது கலை பழக்கும் ஆசான்களாக, இருந்தார்கள். வேறுபாடு அதில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

கிண்ணியாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இளமையில் கலியாண வீடுகளில் களிகம்பு (வட்டமாக நின்று கம்புகளைத் தட்டி ஆடும் முஸ்லிம்களின் ஆட்டம்) அடித்தவர். வட்டத்தில் நின்ற பையன்கள் பக்கத்தில் நிற்பவனின் கம்பைத் தேடித் தேடி அடித்ததால் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் உடைந்தது. "கம்பப் பாக்காத மகன், காலப் பாரு" என்று சொல்லி, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் தாமே ஒரு சுற்று ஆடிக் காட்டினார். மரியாதைக்காகக்கூட அவர் யாரையும் பாராட்டவில்லை. பிழையைப் பிழை என்றே சொன்னார், பிள்ளைகளும் அதையே விரும்பினார்கள்.

ரபான் என்னும் தோல் வாத்தியத்தைக் கற்பித்த சிங்கள ஆச்சிக்குத் தமிழ் அதிகம் வராது. தணல் சட்டியை ரபானுக்கு அடியில் வைத்து, தோல் சூடேறி இறுகும்வரை விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த சிறுமிகளின் கையையும் பிடித்துத் தோலில் வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பிள்ளைகளின் பெற்றோரிற் பலருக்கு இவை எதுவும் தெரியாது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வளர்ந்த தலைமுறை அது. தாத்தாவிடமிருந்து நேரே பேரனுக்குத்தான் இனிக் கைமாற வேண்டும். முதுமையை இழிவாகக் கருதும் மனப்போக்கைக் குறைக்கும் மூன்று வழிகளில் தலைமுறைகளின் சந்திப்பும் ஒன்று என உலக சுகாதார அமைப்பு 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கூறுகிறது. நான் கண்டவரையில், வெறுமனே சந்தித்தால் போதாது. சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்.

குறையும் உண்டு. நிறைவு விழாவில் பிரதம அதிதி வரும்வரை முதியவர்கள் புழுக்கத்தில் காத்திருக்க நேர்ந்தது. லுஹர் எனும் நண்பகல் தொழுகை நேரமும் நெருங்கிவிட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் பாதை எனப்படும் மிதவைப் படகில் நீரைக் கடக்கும் சிரமம் இல்லையென்றாலும், பஸ் ஏறி இறங்குவது அந்த வயதில் பெரும்பாடுதான். ஆகவே, இத்தகைய நிகழ்ச்சி நடத்துவோர் வகுப்பை அவர்களின் ஊருக்கே கொண்டுசெல்லட்டும். காலையிலேயே தொடங்கி மதியத்துக்கு முன் முடிக்கட்டும்.