பதில்: ‘என்டரோசலைவரி சர்க்குலேஷன்’ – எச்சிலா, உமிழ்நீரா, ஊறலா?

அன்புள்ள குழுவினர்க்கு,

‘என்டரோசலைவரி சர்க்குலேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக மன்னார்குடி அண்ணன் நேற்று வைத்த ‘குடல்-உமிழ்நீர்ச் சுழற்சி’யில் இலக்கணப் பிழை இல்லை. பொருட்பிழை இருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கீரையும் பிரஷரும் பற்றி எங்கள் ஊர் நூலகத்துக்காக ஒரு சிறு வெளியீடு எழுதுகிறோம். பீட்ரூட், தண்டுக்கீரை, பசலை, முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் என்ற நைட்ரஜன் உப்பு அதிகம். சாறாகக் குடித்தால் அது குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். கால் பங்கு போல உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்துத் திரும்ப வாய்க்குள் விடுகின்றன. இந்தச் சுற்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம். நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்குகின்றன. (ரே, ரை என்ற ஓரெழுத்து வித்தியாசத்தில் என் கைப்படியிலேயே மூன்று இடத்தில் மாறிப்போயிருந்தது. மெய்ப்பு பார்ப்பவர் பாவம்.) அதை விழுங்கியபின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது, இரத்தக்குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவால்தான். இதன் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

2008இல் லண்டனில் அம்ரிதா அலுவாலியா குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்கு 500 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. சாறு குடித்தபின் வாயில் ஊறுவதை விழுங்காமல் துப்பவும் சொல்லிப் பார்த்தார்கள். அப்போது இறங்கவில்லை.

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. உமிழ்தல் என்றால் துப்புதல். துப்பினால் அறுந்துபோகும் ஒரு சுற்றுக்கு, துப்பும் நீரின் பெயரையா வைப்பது? சுரப்பிக்கு ‘உமிழ்நீர்ச் சுரப்பி’ என்ற பெயர் பாடநூலில் ஊன்றிவிட்டது, அதில் நான் கை வைக்கவில்லை. புதுச்சொல்லிலாவது இந்த முரண் வேண்டாமே.

திருவாரூர் டீச்சர் ‘எச்சில் சுற்று’ என்கிறார். பேச்சுச்சொல், சின்னச்சொல், பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் செம்பில் வாய் வைத்துக் குடித்தாலே “எச்சப் பண்ணாதடா” என்று அதட்டுகிற பாட்டிகள்தான் இந்த வெளியீட்டைப் படிக்கப்போகிறவர்கள். பந்தியில் எடுக்கும் எச்சிலையும் இதுவும் ஒரே சொல்லென்றால், சாறு குடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே தாளை மூடிவிடுவார்கள்.

பாபநாசம் நண்பரின் ‘மறுபாய்ச்சல்’ அழகு. மேல்வயல் வடிநீர் கீழ்வயலுக்குப் பாசனமாவதைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் அது தோன்றும். ஆனால் வடிநீர் போகிற போக்கில் கடலுக்குப் போய்விடும், அதே வயலுக்குத் திரும்பி வராது. நைட்ரேட் திரும்பி வருகிறது. உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நான் வைப்பது ‘வாயூறல் சுற்று’. புளியங்காயைப் பார்த்தால் வாய் ஊறுகிறது என்று குழந்தைகூடச் சொல்லும். ஊறுவதில் துப்பலும் இல்லை, தீட்டும் இல்லை. மேட்டூர் மூடியிருக்கும் சித்திரையில் காவிரி மணலைத் தோண்டினால், எப்போதோ மேலே ஓடிய தண்ணீர் கீழிருந்து ஊறி வருகிறதே, அதுபோல உள்ளே போனது திரும்ப ஊறுகிறது.

இன்னொன்று. நைட்ரேட்டையே ‘தழைச்சத்து உப்பு’ என்று தமிழாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து வேண்டாம். டெல்டாவில் தழைச்சத்து என்றால் யூரியா மூட்டை. குறுவைக்கும் தாளடிக்கும் போடுவதைச் சாறாகக் குடிக்கச் சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். போதாததற்கு, வயலில் போட்ட யூரியாவே மண்ணில் நைட்ரேட்டாகி அடிபம்பு வரை இறங்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால். நைட்ரேட் நைட்ரேட்டாகவே இருக்கட்டும்.

– கும்பகோணம்

*

வாயூறல் சுற்றுக்கு என் ஓட்டு. நோயாளியிடம் நாளைக்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு சேர்க்கை. 2015இல் அதே லண்டன் குழுவினர் பிரஷர் உள்ளவர்களுக்குத் தினம் 250 மில்லி வீதம் நான்கு வாரம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு நைட்ரேட்டை மட்டும் நீக்கிய பீட்ரூட் சாறு. நிறம் ஒன்று, ருசி ஒன்று. நைட்ரேட் இருந்ததற்கே அழுத்தம் இறங்கியது, சுமார் 8 புள்ளி. நிறுத்தியதும் பழையபடி ஏறிவிட்டது. இரண்டாவது, கிருமிக்கொல்லி மவுத்வாஷால் தினமும் கொப்பளித்தால் நாக்குப் பாக்டீரியா செத்து, இந்தச் சுற்றும் நின்றுபோகும். உங்கள் சொல்லுக்கு இதுவும் சாட்சி: வாய் ஊறினாலும் ஊறலில் சரக்கு இருக்காது.

வெளியீட்டில் சாற்றைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும், சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்றும் போடுங்கள். கெட்ட சிறுநீரகத்துக்குச் சுமையாகும் பொட்டாசியமும், கல்லாகும் ஆக்சலேட்டும் பீட்ரூட்டில் உண்டு. சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறி ஓடி வருவார்கள், அதையும் ஒரு வரி. கீரையை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டில் ஒரு பங்கு அதோடு போகிறது. மசியல் செய்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

– மயிலாடுதுறை, மருத்துவர்

*

தம்பி, சொல் நன்று. ஆயின் வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும். பால்+குடம் பாற்குடம், கடல்+கரை கடற்கரை. எனவே ‘வாயூறற்சுற்று’ என்றே அச்சிடுக.

– திருவையாறு

*

புலவர் ஐயா, வணங்குகிறேன். ‘வாயூறற்சுற்று’ என்று என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அது என்னடா, முறுக்குச் சுத்தற மாதிரி பலகாரமா?” என்றார்.

இடைவெளி விட்டு ‘வாயூறல் சுற்று’ என்றே போகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்கு.

– கும்பகோணம்