இரண்டு நிறுவனங்களில் எதிரெதிராகப் பந்தயம் கட்டினால் நட்டமே வராதா?

அல்சூர்வாசி:
லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், ஒரே டென்னிஸ் ஆட்டத்தில் இரு வீரர்கள் மீதும் வெவ்வேறு நிறுவனங்களில் பணம் கட்டி, எவர் வென்றாலும் லாபம் பார்ப்பதாகச் சொல்கிறான். இதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயராம். பெங்களூரில் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் எனக்கு இதில் எங்கோ ஓட்டை இருப்பதாகத் தோன்றுகிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்குப்புலி:
கணக்கில் ஓட்டை இல்லை. ஒரு நிறுவனம் முதல் வீரருக்கு 2.10 என்றும், வேறொரு நிறுவனம் அவருடைய எதிராளிக்கு 2.05 என்றும் விகிதம் தருவதாகக் கொள்வோம்; 2.10 என்றால், கட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் வென்றால் அந்தப் பவுண்டையும் சேர்த்து 2.10 திரும்பும் என்று பொருள். 1ஐ இவ்விரு எண்களாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் ஏறத்தாழ 0.964 வருகிறது. இத்தொகை 1க்குக் கீழே இருந்தால் மட்டுமே லாபத்திற்கு வழியுண்டு. 1,000 பவுண்டில் முதல் வீரர் மீது 494, மற்றவர் மீது 506 கட்டினால், எவர் வென்றாலும் சுமார் 1,037 திரும்பும்.

தேம்ஸ்கரை:
அங்கே வசித்த காலத்தில் நானே இதைச் செய்து பார்த்தேன். முதல் பந்தயத்தைக் கட்டிவிட்டு இரண்டாவது தளத்திற்குப் போவதற்குள் 2.05 என்பது 1.90 ஆகிவிட்டால் லாபம் போய்விடும்; பிறகு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். அதைவிட மோசமானது, வீரர் காயம்பட்டு நடுவில் விலகுவது. ஒரு செட் முடிந்திருந்தாலே முடிவு செல்லும் என்பது ஒரு நிறுவனத்தின் விதி. ஆட்டம் முழுமையடையாவிட்டால் பந்தயம் ரத்து என்பது இன்னொன்றின் விதி. தோற்ற பந்தயம் செல்லுபடியாகி, வென்ற பந்தயம் ரத்தானதால் ஒரே மாலையில் இரண்டு மாத லாபத்தை இழந்திருக்கிறேன். இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும், 494 போன்ற விசித்திரமான தொகைகளைத் தொடர்ந்து கட்டுபவரை நிறுவனம் அடையாளம் கண்டு, அவர் ஒரு பந்தயத்தில் கட்டக்கூடிய உச்சவரம்பை ஓரிரு பவுண்டாகச் சுருக்கிவிடும். என் கணக்குகள் பலவும் அப்படித்தான் முடங்கின.

வரிப்பிள்ளை:
பெங்களூரிலிருந்து முயல எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் கையாளக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், மூலவரியே (பணம் தருபவரே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, டிடிஎஸ்) போதும். ஒவ்வொரு தளமும் தன்னிடம் வந்த நிகர வெற்றியில், அதாவது கட்டிய பணம் போக வென்ற தொகையில், 30 விழுக்காட்டைப் பிடிக்கும். பக்கத்துத் தளத்தில் நீங்கள் இழந்ததை அது பார்ப்பதில்லை. மேலே சொன்ன கணக்கை ரூபாயில் போட்டுப் பாருங்கள்: முதல் வீரர் வென்றால் உங்கள் லாபம் 37, பிடித்தம் 163.

அல்சூர்வாசி:
நன்றி. சித்தப்பா மகனுடைய கணக்குகளில் எத்தனை இன்னும் உச்சவரம்பு குறையாமல் இருக்கின்றன என்று இன்றிரவே கேட்கிறேன்.