ஒரே ஃபெலோஷிப்புக்கு நானும் தோழியும் அப்ளை பண்ணோம், எனக்கு கிடைச்சுது, இப்ப அவ பேசுறதே இல்ல

நீலவானம்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நானும் என் தோழியும் ஒரே லேப்ல பிஎச்டி பண்ணோம், கைடும் ஒரே ஆள்தான். பிஎச்டிக்கு அப்புறம் ஆராய்ச்சி பண்ண குடுக்கிற இந்த போஸ்ட்டாக் ஃபெலோஷிப் அறிவிப்பு வந்திருக்குன்னு என்கிட்ட சொன்னதே அவதான். எங்க துறைக்கு ஒரே ஒரு இடம்னு ரெண்டு பேருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் ரெண்டு பேரும் அப்ளை பண்ணலாம், யாருக்கு கிடைச்சாலும் சந்தோஷம்னு பேசிக்கிட்டோம். என் ப்ரொபோசல்ல ரெண்டாவது பகுதி ரொம்ப குழப்பமா இருந்துச்சு, அவ உக்காந்து வரி வரியா பாத்து எந்த சோதனை முதல்ல வரணும், எது தோத்துப்போனா அடுத்து என்னன்னு மொத்த வரிசையையும் மாத்திக் குடுத்தா. அவளோடத நானும் படிச்சு சொன்னேன், ஆனா அவளோடது முதல்லயே நல்லா இருந்துச்சு, நான் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல.

ரெண்டு பேரும் ஷார்ட்லிஸ்ட் ஆனோம், இன்டர்வியூ போனோம், எனக்கு கிடைச்சுது. அவ வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள். பேனல் அனுப்பின குறிப்புல ரெண்டாவது பகுதியோட திட்டம் தெளிவா இருக்குன்னு தனியா பாராட்டி எழுதியிருக்காங்க. அவ திருத்திக் குடுத்த அதே பகுதி. இத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல.

ரிசல்ட் வந்த அன்னைக்கு "ரொம்ப சந்தோஷம்டி" ன்னு ஒரு மெசேஜ் போட்டா, அதோட சரி. லேப்ல பாத்தா சிரிக்கிறா, வேலை விஷயம் பேசுறா, மத்தபடி நான் உள்ள வந்தா அவ வெளிய போயிடுறா. நான் வேண்டாம்னு எழுதிக்குடுத்தா இடம் அவளுக்கு போகும், சம்மதம் சொல்ல இன்னும் சில நாள் இருக்கு. விட்டுக்குடுத்துடலாமான்னு கூட தோணுது. பேனல் எழுதினத அவகிட்ட சொல்லணுமா வேண்டாமான்னும் தெரியல. இந்த மாதிரி நிலைமைல இருந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கடல்காத்து:
நான் உங்க தோழி இருக்கிற இடத்துல இருந்தவ, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். தயவுசெஞ்சு விட்டுக்குடுக்காதீங்க சிஸ்டர். எனக்கு அப்படி யாராவது ஒரு இடத்த தூக்கிக் குடுத்திருந்தா வாழ்நாள் பூரா அது எனக்கு வந்ததா இல்ல அவ போட்டதான்னு யோசிச்சே செத்திருப்பேன்.

அவ பேசாம இருக்கிறது உங்கமேல வெறுப்புன்னு எடுத்துக்க வேண்டாம். டெஸ்ஸர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1980கள்ல இதப்பத்தி நிறைய எழுதியிருக்கார். முன்பின் தெரியாதவங்க ஜெயிச்சா நமக்கு அவ்ளோ வலிக்காது, நெருங்கினவங்க ஜெயிச்சாலும் அது நமக்கு சம்பந்தமில்லாத துறைன்னா பெருமையாதான் இருக்கும். நெருங்கினவங்களும் ஆகி, நாம நம்ம அடையாளமாவே நினைக்கிற வேலையும் ஆகிட்டா அங்கதான் அடி பலமா விழுது. 1980ல அவரும் ஸ்மித்ங்கிறவரும் வார்த்தை கண்டுபிடிக்கிற ஒரு விளையாட்டு வெச்சு பாத்தாங்க. அந்த விளையாட்டு தன் திறமைய காட்டுற சோதனைன்னு நம்பினவங்க, தெரியாதவங்கள விட தன் நண்பர்களுக்குத்தான் கஷ்டமான குறிப்பு குடுத்தாங்களாம். யோசிச்சு பாருங்க, இவ்ளோ பெரிய போட்டியில உங்க தோழி அதுக்கு நேர் எதிரா உங்க ப்ரொபோசல சரிபண்ணிக் குடுத்திருக்கா. அந்த மனசு ஒரு ரிசல்ட்ல காணாம போயிடாது, இப்ப அவளுக்கு மூச்சு விட இடம் வேணும் அவ்ளோதான்.

ஒண்ணே ஒண்ணு, "உண்மையில நீதான் தகுதியானவ, எனக்கு ஏதோ லக்" னு மட்டும் போய் சொல்லாதீங்க. என் ஃப்ரெண்ட் அப்படித்தான் சொன்னா, ஆறுதலா இல்ல, அவள நான் தேத்தவேண்டியதா போச்சு. தோத்ததும் நான், சமாதானம் சொல்றதும் நான்.

மஞ்சள்குடை:
எனக்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல உயரம் தாண்டுதல்ல நடந்ததுதான் ஞாபகம் வருது. 2021 ஆகஸ்ட்ல கத்தார் பர்ஷிமும் இத்தாலி தம்பேரியும் ரெண்டு பேருமே 2.37 மீட்டர் தாண்டி, 2.39 முடியாம சமமா நின்னாங்க. ரெண்டு தங்கம் குடுக்க முடியுமான்னு பர்ஷிம் அதிகாரிகிட்ட கேட்டார், முடியும்னதும் ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு பகிர்ந்துக்கிட்டாங்க. நட்புன்னா அப்படி இருக்கணும். நீங்களும் ப்ராஜெக்ட்ல அவங்கள கூட்டா சேத்துக்க முடியுமான்னு பாருங்களேன்.

ஒத்தையடிப்பாதை:
மஞ்சள்குடை, அந்த வீடியோ எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா இங்க அது பொருந்தாதுங்க. அங்க விதியிலயே பகிர்ந்துக்க வழி இருந்துச்சு, ரெண்டு பேரும் சமமா நின்ன பிறகு எடுத்த முடிவு அது. இங்க ஒருத்தருக்கு வேலை உண்டு, இன்னொருத்தருக்கு இல்ல. வேலை இல்லாதவங்கள "வா என் ப்ராஜெக்ட்ல சேந்துக்கோ" ன்னு கூப்பிட்டா அது காயத்துமேல உப்பு.

நான் சில தேர்வுக் குழுக்கள்ல உக்காந்திருக்கேன். உள்ள நடக்கிறது வெளிய இருக்கிறவங்க நினைக்கிற மாதிரி இல்ல. மேல இருக்கிற ஒண்ணு ரெண்டு பேர் தனியா தெரிவாங்க, கீழ இருக்கிறதும் தெரியும். நடுவுல ஒரு கூட்டம் இருக்கும் பாருங்க, அங்க முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் யார் அன்னைக்கு அந்த ஃபைல முதல்ல படிச்சாங்க, குழுவுல யாருக்கு அந்த டாபிக் நெருக்கம்ங்கிற அளவுலதான் இருக்கும். இத நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. நியூசிலாந்தோட ஹெல்த் ரிசர்ச் கவுன்சில் 2013ல ஒரு வகை நிதிக்கு, தகுதி பார்த்து வடிகட்டின பிறகு மிச்சத்த குலுக்கல்ல எடுக்க ஆரம்பிச்சுது. ஜெர்மனியில ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை இதே குலுக்கல் முறைய 2017ல ஆரம்பிச்சுது, பிரிட்டிஷ் அகாடமி 2022ல தன்னோட சின்ன நிதிகளுக்கு கொண்டுவந்துச்சு. நல்ல விண்ணப்பங்களுக்குள்ள இது மேல அது கீழன்னு நேர்மையா பிரிக்க முடியலன்னு அவங்களே ஒத்துக்கிட்டதாதான் நான் இத பாக்குறேன்.

அதனால வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் இடம்ங்கிறத அவங்க திறமைக்கு போட்ட மார்க்கா நீங்களும் நினைக்காதீங்க, அவங்களும் நினைக்க விடாதீங்க. ஆனா இத அவங்ககிட்ட சொல்ல வேண்டியது நீங்க இல்ல, உங்க கைடு.

அந்திமழை:
எல்லாரும் ரொம்ப மென்மையா சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். பேனல் பாராட்டின பகுதி அவங்க உழைப்புன்னா அத முதல்ல கைடுகிட்ட சொல்லுங்க, அவர் எழுதுற அடுத்த சிபாரிசுக் கடிதத்துல அது வரணும். நன்றிய மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு தூக்கம் வரலன்னா யாருக்கு என்ன லாபம்? ப்ரொபோசல் வேற எங்கயாவது போகுதுன்னா அதுல அவங்க பேருக்கு நன்றி எழுதுங்க, கட்டுரையா வந்து அந்த திட்டத்துல அவங்க பங்கு நிக்குதுன்னா ஆசிரியரா சேக்குறது பத்தி பேசுங்க. இது தயவு இல்ல, கணக்கு.

கடல்காத்து, பேனல் குறிப்ப தோழிகிட்ட சொல்றது பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலயே?

கடல்காத்து:
சொல்லணும்னுதான் நினைக்கிறேன், ஆனா இப்பவே வேண்டாம். பின்னாடி வேற யார் வாயிலயாவது தெரிஞ்சா அது துரோகமா தெரியும். இப்ப சொன்னா "உன்னாலதான் எனக்கு கிடைச்சுது" ன்னு காதுல விழும். நீங்க சம்மதம் சொல்லி முடிச்சு, விட்டுக்குடுக்கிற பேச்சுக்கே இடமில்லாம ஆனப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் கேள்வி இல்லாத ஒரு மெசேஜ் போதும், பதில் போடணும்ங்கிற கட்டாயமே அவளுக்கு இருக்கக் கூடாது.

நீலவானம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சம்மதக் கடிதம் அனுப்பிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி கைடுகிட்ட போய் ரெண்டாவது பகுதி பத்தி முழுசா சொன்னேன், அவருக்கு இது தெரியவே தெரியல, குறிச்சு வெச்சுக்கிட்டார், அவகிட்ட தானே பேசுறேன்னும் சொன்னார்.

அவளுக்கு இப்படி எழுதினேன்: "நான் ஏத்துக்கிட்டேன், அத உனக்கு நானே சொல்லணும்னு நினைச்சேன். பேனலுக்கு பிடிச்சது நீ மாத்திக் குடுத்த வரிசைதான், சார்கிட்ட சொல்லிட்டேன். உனக்கு எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப பேசு, பதில் போடணும்னு இல்ல." ராத்திரி பதில் வந்துச்சு. "இப்ப முடியலடி, கோவம் உன்மேல இல்ல, கொஞ்ச நாள் விடு" ன்னு. படிச்சு அழுதுட்டேன், ஆனா மனசு கொஞ்சம் லேசாச்சு. அவ கேட்ட மாதிரி விடுறேன். நான் கிளம்புற நாள் வந்தா சொல்லாம போறதா சொல்லிட்டு போறதா, அதுதான் இப்ப யோசனை.

ஒத்தையடிப்பாதை:
சொல்லிட்டு போங்க, ஆனா வழியனுப்ப வரச்சொல்லி கேக்காதீங்க. அப்புறம் இன்னொண்ணு, அடுத்த அறிவிப்பு வரும்போது அவங்க ப்ரொபோசல படிக்கிறேன்னு நீங்களா போய் நிக்க வேண்டாம். அவங்களே அனுப்பினா அன்னைக்கே எல்லா வேலையையும் ஒதுக்கி வெச்சுட்டு படிங்க, அவங்க உங்களுக்கு பண்ண மாதிரி வரி வரியா.