இந்தப் படத்தில் இருப்பது என்ன விளையாட்டு?

எல்லாருக்கும் வணக்கம். பெரியத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் சில சதுரக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. மாமா அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை. அதில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் கேமராவே வெளியே வரும். அப்படியிருந்தும் தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்காக இரண்டு படங்களைச் செலவழித்திருக்கிறார். அதுதான் என்னை உலுக்குகிறது.

ஒன்றில், நீளமாகக் குவித்த மணல்மேட்டின் மேல் ஒரு சிறுமி இரு கைகளையும் கோத்து வைத்திருக்கிறாள். எதிரில் இன்னொருத்தி. கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் என்று நினைக்கிறேன். குச்சியை மணலில் ஒளித்து விளையாடுவோமே, அது. அடுத்ததில் அதே சிறுமி கை நிறைய மணலோடு நிற்கிறாள், மணலில் ஒரு குச்சி. பின்னாலிருந்து யாரோ அவள் கண்ணைப் பொத்தியிருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே ஆட்டமா? கண்ணைப் பொத்தி எங்கே கூட்டிப்போவீர்கள்? தோற்றவளுக்கா இது, ஜெயித்தவளுக்கா? தஞ்சாவூர்ப் பக்கம் விளையாடிய அக்காமார், அம்மாமார் சொல்லுங்களேன். அத்தைக்கு நினைவு மங்கிவருகிறது. விளையாட்டைச் சொன்னால் அந்தச் சிறுமி யாரென்று சொல்லிவிடுவார் என நம்புகிறேன். வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.